ஐம்பத்தெட்டுக் கிலோ

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. நோர்வேயில், எங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் அதை யாரும் பாவிக்கவில்லை. முகத்துக்கு முன்னால் வெறும் "அண்ணை", முதுகுக்குப் பின்னால் "அளவு அண்ணை". அவருக்கும் அது தெரியும். கோபித்ததில்லை. கோபிப்பதென்றாலும் எவ்வளவு கோபிக்க வேண்டும் என்று முதலில் அளந்து பார்ப்பார் என்று என் கணவர் பகிடி விடுவார்.

நாங்கள் அந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த முதற்கிழமையே அவரைத் தெரிந்துகொண்டேன். யன்னல் சீலைக்குக் கம்பி பூட்ட வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் துளை போடும் மெஷினை இரவல் கேட்டேன். மெஷினோடு அவரும் வந்துவிட்டார். காற்சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிற அளவு நாடாவை எடுத்து யன்னலை இடமும் வலமும், மேலும் கீழுமாக அளந்தார். பிறகு, செத்தவீட்டுச் செய்தி சொல்பவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, உங்கடை யன்னல் இடப்பக்கம் நாலு மில்லிமீற்றர் பதிஞ்சிருக்குது."

"அதுக்கென்ன அண்ணை, கம்பியைப் பூட்டுங்கோ."

"பூட்டலாம். யன்னலுக்கு நேராப் பூட்டுறதோ, நிலத்துக்கு நேராப் பூட்டுறதோ? அதை நீங்கள்தான் சொல்லோணும்."

இரண்டுக்கும் நடுவில் பூட்டும்படி சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பூட்டிவிட்டுப் போனவர் அடுத்த நாள் வேலையால் வந்த கையோடு மீண்டும் வந்து, நான் தேத்தண்ணீர் போடுவதற்குள் கம்பியைக் கழற்றி நிலத்துக்கு நேராகப் பூட்டினார். "இரவு நித்திரை வரேல்லை" என்று மட்டும் சொன்னார்.

லில்லெஸ்ட்ரோமில் லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் அவருக்கு வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். வீட்டிலிருந்து ரயில் மேடைக்கு எத்தனை அடி என்று அவருக்குத் தெரியும். பனி கொட்டினால் எத்தனை அடி கூடும் என்றும் தெரியும். யாராவது "கிட்டத்தான்" என்றால் எத்தனை மீற்றர் என்று கேட்பார். காய்ச்சல் என்றால் எத்தனை பாகை என்பார். குரோருட் தமிழ்க்கடையில் வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டையை வீட்டில் நிறுத்துப் பார்த்து, அதில் இருநூறு கிராம் கூடுதலாக இருக்கிறது, உங்களுக்குத்தான் நட்டம் என்று கடைக்காரரிடம் போய்ச் சொன்னவர். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிடுங்கோ அண்ணை" என்று கும்பிட்டாராம்.

ஒரு கலியாணத்தில் நடந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம். பள்ளிக்கூட மண்டபத்தில் மணவறை போட்டிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது. ஐயர் அவசரப்படுத்துகிறார். அண்ணை மட்டும் மணவறையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று பட்டுவேட்டியோடு தரையில் குப்புறப் படுத்து, வலப்பக்கத் தூணின் அடியில் நாடாவை நீட்டினார். பெண்ணின் தகப்பனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அண்ணை ஒரு கலியாண அழைப்பிதழை நாலாக மடித்துத் தூணுக்கடியில் செருகிவிட்டு எழும்பினார். "இப்ப தாலியைக் கட்டலாம்" என்று ஐயருக்கு உத்தரவு வேறு கொடுத்தார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அவருக்கு நேரெதிர். பாலர் பாடசாலையில் வேலை. நோர்வே நாட்டுக் குழந்தைகள் நாலைந்து எப்போதும் அவர் மடியில் இருக்கும். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், மாவைக் கண்ணால் மட்டுக்கட்டுவார், கூப்பிட்டது பத்துப் பேரென்றால் இருபது பேருக்குச் சமைப்பார். சிரித்தால் லிஃப்டுக்குள் நிற்பவர்களுக்கும் கேட்கும். "எங்கடை வீட்டிலை இந்த மனுசன் இன்னும் அளக்காத சாமான் நான் ஒருத்திதான்" என்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி இரண்டு பேரும் கதைத்து நான் கேட்டதில்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் கார் வந்தது என்று சனம் சொன்னது. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. ஆனாலும் கார் வந்தது உண்மைதான். அதுவும் முழுக் காராக வரவில்லை. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. அடிச்சட்டம் ஒரு பெட்டி, உடல் ஒரு பெட்டி, குழாய்களும் நட்டுகளும் பத்துப் பெட்டி. கிட் கார் என்பார்கள். எஞ்சினையும் முன்பக்க ஸ்பிரிங்குகளையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுத்து, மிச்சத்தை நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டி முடித்தால் கூரை இல்லாத, இரண்டே இருக்கை உள்ள, நிலத்தோடு ஒட்டிய ஒரு சின்னக் கார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத் தரிப்பிடத்தில் நான்கு வருடம் அதைப் பூட்டினார். அங்கே திருத்த வேலை செய்யக்கூடாது என்று விதி. நிர்வாகக் குழுத் தலைவர், ஒரு வயதான நோர்வேக்காரர், முதலில் கடிதம் போட்டார். இரண்டாவது மாதம் அவரும் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் பூட்டிய காரைத் தெருவில் விட இந்த நாட்டில் லேசில் விடமாட்டார்கள். பரிசோதகர் ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாராம். அண்ணை பரிசோதகர் அளந்ததைத் தானும் ஒருதரம் அளந்து, அவர் எழுதியதில் ஒரு மில்லிமீற்றர் பிழை என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். கார் தேறியது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கோடையில் அக்காவை ஏற்றிக்கொண்டு முதன்முதலாகப் புறப்பட்டார். நாங்கள் எல்லோரும் பல்கனியில் நின்று கைதட்டினோம்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பிள்ளை, என்ரை பல்லெல்லாம் இடம் மாறிப் போச்சு. டும்பிலை ஏறேக்கை வானத்துக்குப் போட்டு வந்தனான்."

வேகத்தடை மேட்டைத்தான் டும்ப் என்கிறார். எங்கள் பகுதித் தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. முன்பக்கத்தில் போட்டிருந்த ஸ்பிரிங்குகள் பாரமான குடும்பக் காருக்குச் செய்தவை. இந்த இறகுக் காருக்கு அவை கல்லு மாதிரி என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவமானப்பட்டுப்போயிருந்தார்.

அந்தப் பனி மாரியில் அக்காவுக்கு முதுகுவலி தொடங்கியது. அண்ணைக்கு ஒரே நிச்சயம், அது தன் காரால் வந்த வலி. எத்தனை மேட்டில் எத்தனை தரம் தூக்கிப் போட்டது என்று கணக்குப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார். முன்பக்கத்தை முழுதாக மாற்றுவது என்று அப்போதுதான் முடிவெடுத்தார்: புதிய மெல்லிய ஸ்பிரிங், இறுக்கித் தளர்த்தக்கூடிய ஷொக் அப்சோபர், சக்கரத்தைத் தாங்கும் மேல் கைகள். எல்லாவற்றுக்கும் படம் கீறி வைத்தார். மாசியில் டொக்டர் வேறு காரணம் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அக்காவின் மார்பில் வெட்டி எடுத்த புற்றுநோய் முதுகெலும்பில் திரும்பி வந்திருந்தது. டொக்டரின் மருத்துவச் சொற்களை மொழிபெயர்க்க நான்தான் கூடப் போயிருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்வதால் இந்தச் சொற்களெல்லாம் எனக்குப் பழக்கம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தமிழில் சொன்னபோது பழக்கம் எனக்கு உதவவில்லை.

ரயிலில் திரும்பி வரும்போது அக்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "எனக்கு உங்கடை காரிலை ஒருக்காக் கடலுக்குப் போகோணும். பிக்டோய் கரைக்கு. தண்ணியிலை கால் வைச்சிட்டு வருவம்" என்றார்.

"குலுக்கும். உன்ரை முதுகு தாங்காது."

"அப்ப குலுக்காமல் செய்யுங்கோ."

அன்றிலிருந்து அவருக்கு வேறு உலகம் இல்லை. எங்கள் வாசலிலிருந்து பிக்டோய் கரை வரை பதினான்கு மேடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரான பலகை ஒன்றையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து வந்தார். தெருவில் மண்டியிட்டு மேட்டை அளக்கும் மனிதரைப் பார்த்து யாரோ பொலிசுக்குத் தொலைபேசி அடித்து, பொலிசும் வந்து, அவர் சொன்னதைக் கேட்டு, கடைசி மூன்று மேடுகளுக்கும் பொலிஸ்காரரே பலகையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாராம். இதைச் சொன்னபோதுதான் அந்த வசந்தத்தில் அவர் ஒருதரம் சிரித்தார்.

இந்த வேலையில் எடைதான் எல்லாம். ஒரு கனமான ஆளின் பாரம் அந்தச் சின்னக் காரையே பதித்துவிடும். ஆகவே ஸ்பிரிங்கை ஓட்டுகிறவரின் எடைக்கும் பக்கத்தில் இருப்பவரின் எடைக்கும் பொருத்தமாகத் தெரிவுசெய்ய வேண்டும். கடைசி நட்டுகளை இறுக்கும்போதும் அந்தப் பாரம் இருக்கைகளில் இருக்க வேண்டும். வெறும் காரில் இறுக்கினால், ஆள் ஏறியதும் உள்ளேயிருக்கும் ரப்பர்கள் முறுகிப் பிய்ந்துவிடுமாம். மணிக்கணக்காக யார் இருக்கையில் இருப்பது? அதற்கு அரிசி மூட்டை. தன் இருக்கையில் எழுபத்துநாலு கிலோ அரிசி, பக்கத்தில் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. பத்துக் கிலோ மூட்டைகள் ஐந்து, ஐந்து கிலோ ஒன்று, மேலே மூன்று கிலோ மைசூர்ப் பருப்பு. இருக்கைப் பட்டியைக்கூட மூட்டைகளுக்குப் போட்டுவிட்டிருந்தார்.

சித்திரையில் அக்கா உண்மையாகவே ஐம்பத்தெட்டுக் கிலோ.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் எடை பார்த்து எழுதி வைக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். குளிக்க வார்த்து, தராசில் ஏற்றிவிடுவது என் வேலை. அந்த நேரம் அண்ணையை அறைக்குள் விட அக்கா சம்மதிக்கவில்லை. "என்னை இப்பிடிப் பாக்கவேண்டாம்" என்பார். அவர் கீழே காருக்குப் பக்கத்தில் நின்றபடி எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

"எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு அண்ணை."

வைகாசி முதற் சனிக்கிழமை முள் ஐம்பத்தைந்தில் நின்றது. நான் தொலைபேசியை எடுக்கப் போனபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐம்பத்தெட்டு எண்டு சொல்லும்."

"ஏனக்கா?"

"அந்த மனுசனை உமக்குத் தெரியாதே? கிழமைக்கு இவ்வளவு குறையுது எண்டால் எத்தினையாம் கிழமை முடியும் எண்டு கணக்குப் பாத்திடுவார். பிறகு அந்தத் திகதியைப் பாத்துக்கொண்டு என்னோடை இருப்பார். என்னாலை அதைத் தாங்கேலாது, பிள்ளை."

அவர் சொல்வது எனக்குச் சரியாகப் பட்டது. ஐம்பத்தெட்டு என்றேன். அடுத்த சனிக்கிழமையும் சொன்னேன். அதற்கடுத்த கிழமை அக்காவே, "இண்டைக்கு ஐம்பத்தேழரை எண்டு சொல்லும். எப்பவும் ஒண்டையே சொன்னால் சந்தேகப்படுவார்" என்றார். இரண்டு பேரும் குளியலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கூட இருக்கிற மனிதருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அக்கா இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார், பாவாடைக்குள் பாவாடை உடுத்தினார். முகம் வற்றியதை மறைக்க முடியவில்லை. அதை அண்ணை பார்த்தார்தான். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "முகம் இறங்கின மாதிரிக் கிடக்கு. ஆனா எடை குறையேல்லை. அப்ப மருந்தாலைதான்" என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். "கண் ஏமாத்தும் தங்கச்சி. அளவு ஏமாத்தாது." எல்லாவற்றையும் தன் கையால் அளந்து பார்த்த மனிதர் ஒரே ஒரு அளவை மட்டும் இன்னொருவர் வாயால் கேட்டு நம்பினார். அது என் வாய்.

எங்கள் காருக்குப் பனிக்கால மாரிச் சக்கரங்களை மாற்றித் தந்துவிட்டு, ஐம்பது கிலோமீற்றர் ஓடியாயிற்றா என்று மூன்று நாள் விடாமல் கேட்டு, ஓடிய அன்று நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டுப் போகிற மனிதர் அவர். எங்கள் உயிருக்கு அவ்வளவு பொறுப்பெடுத்தவரிடம்தான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பொய் சொன்னேன்.

ஆனி நடுப்பகுதி. அதை மட்டும் நான் மறக்க மாட்டேன். புதிய பாகங்களில் முக்கால்வாசி வந்துவிட்டன. பழைய முன்பக்கத்தைக் கழற்றினால் எல்லாம் பூட்டி முடியும்வரை கார் ஓடாது. கீழே தரிப்பிடத்தில் நான் என் காரை விட்டு இறங்கியபோது ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார். கழற்றத் தொடங்கவில்லை.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் போறனீங்கள், உங்களுக்கு விளங்கும். இப்ப அவசரமெண்டால் சொல்லுங்கோ. பழைய ஸ்பிரிங்கோடையே ஊர்ந்து ஊர்ந்து ஒருக்காக் கூட்டிக்கொண்டு போட்டு வந்து கழட்டுறன். அவசரமில்லையெண்டால் இண்டைக்கே கழட்டுறன். இந்தச் சனி எவ்வளவு?"

ஐம்பத்தொன்று. அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்; பாகங்கள் எடுக்கப் போயிருந்ததால் அவர் தொலைபேசி எடுக்கவில்லை.

"ஐம்பத்தெட்டு அண்ணை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நேரமிருக்கு. வடிவாச் செய்வம்" என்று சொல்லிக் கீழே குனிந்தார். முதல் நட்டு கழலும் சத்தம் கேட்டது. நான் லிஃப்டுக்குப் போய்விட்டேன்.

ஆடி மாதம் இந்த நாட்டில் எல்லோரும் ஒன்றாக விடுமுறையில் போய்விடுவார்கள். மேல் கைகளைத் தாங்கும் தகட்டை அனுமதி பெற்ற பட்டறையில்தான் வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும் என்று சட்டம். பட்டறைக் கதவில் நாலு கிழமைக்குப் பூட்டு. பட்டறை திறந்து, தகடு வந்து, ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தால் அது இரண்டு அளவு கடினமாக இருந்தது. திருப்பி அனுப்பி, வேறு வரும்வரை இன்னும் மூன்று கிழமை. அண்ணை பொறுமையாக இருந்தார். ஐம்பத்தெட்டில் நிற்கிற மனைவிக்காகப் பொறுமையாக இருப்பதில் என்ன கஷ்டம்? மேலே கட்டிலில் அக்கா நாற்பத்தைந்தாகி, நாற்பத்துமூன்றானார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான் இரண்டுதரம் கேட்டேன். "இப்ப சொன்னால் என்னெண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லை எண்டு உம்மைக் கேப்பார்" என்றார் அக்கா. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் காப்பாற்றப்பட்டேன்.

புரட்டாதியில் வெயில் எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் தயாரானது. வாசலுக்கு முன்னால் சமதரையில் நிறுத்தியிருந்தார். கண்ணாடியெல்லாம் துடைத்து, தானும் சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். நானும் என் கணவரும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். மேலே குளிர்ச்சட்டை, அதற்கு மேலே சால்வை, அதற்கு மேலே போர்வை. அண்ணை அக்காவின் இருக்கையிலிருந்த மூட்டைகளை இறக்கி ஓரத்தில் அடுக்கினார். தன் இருக்கையில் இருந்ததை மட்டும் அப்படியே விட்டார். அக்கா ஏறி இருந்ததும், அடிச்சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடைவெளி சரியாகப் பதின்மூன்று சென்ரிமீற்றர் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் புறப்படுவதாகச் சொன்னார். அவர் அப்படித்தான் செய்வார் என்பது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு நாடாவை நீட்டினார். பார்த்தார். நாடாவைச் சுருட்டி மறுபடி நீட்டிப் பார்த்தார். எழும்பிப் போய்க் காரின் மூக்கை இரண்டு கையாலும் அமத்தி விட்டுவிட்டு வந்து மூன்றாம் முறை பார்த்தார். கார் ஐந்து மில்லிமீற்றர் உயர்ந்து நின்றது.

அவர் ஓரத்திலிருந்த பத்துக் கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து அக்காவின் காலடியில் வைத்தார். அளந்தார். ஐந்து கிலோ மூட்டையையும் வைத்தார். மறுபடி அளந்தார். பதின்மூன்று.

அப்படியே மண்டியிட்டபடி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றார் அக்கா, மெதுவாக. "வெளிக்கிடுவமே?"

"ஓம். வெளிக்கிடுவம்." எழும்பிப் போர்வையை இழுத்து அக்காவின் கால்களையும் மூட்டைகளையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். "கால் குளிருதோ?"

"இல்லை."

"அரிசியிலை காலை வைச்சிரு. தாங்கலா இருக்கும்."

அவர் தன் இருக்கை மூட்டைகளை இறக்கிவிட்டு ஓட்ட, நாங்கள் எங்கள் காரில் பின்னால் போனோம். பதினான்கு மேடுகளையும் நான் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் அந்தச் சின்னக் கார் ஏணைத் தொட்டில் ஆடுவது போல எழும்பித் தாழ்ந்தது. அக்காவின் தலையில் கட்டியிருந்த துணி ஒருதரமும் அதிரவில்லை. அவ்வளவு வடிவாகச் செய்திருந்தார். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே ஓட்டினார்.

கரையில் கார் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீருக்குக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். அண்ணை கதவுப் பக்கம் வந்து கையை நீட்டினார். அக்கா ஒரு காலை வெளியே வைத்துப் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டார்.

"ஏலாது. இஞ்சை இருந்தே பாக்கிறன். வடிவாத் தெரியுது."

தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் அண்ணை. முதுகைத் தொட்டாலே வலிக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவர் மட்டும் நடந்து போய் ஒரு தண்ணீர்ப் போத்தலில் கடல் தண்ணீர் எடுத்து வந்து அக்காவின் பாதங்களில் ஊற்றினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அரிசி மூட்டை நனைந்தது. இருபது நிமிடம் அளவில் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

ஐப்பசியில் அக்கா போய்விட்டார். செத்தவீட்டில் அண்ணை அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டார், பெட்டியின் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு நெஞ்சு கல்லு என்று இரண்டு பேர் கதைத்ததை நானே கேட்டேன். அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தேடிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டு நாளில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பேச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரில் இருந்தார்.

"ஆனியிலை, நான் கழட்டின அண்டைக்கு, அவ எவ்வளவு?"

"ஐம்பத்தொண்டு அண்ணை."

"ம்."

"அக்காதான் சொல்லவேண்டாம் எண்டவ. ஆனாலும் நான் சொல்லியிருக்கோணும். பிழை என்னிலைதான்."

"அவ ஏன் சொன்னவ எண்டு எனக்கு விளங்குது. நான் கணக்குப் பாத்திருப்பன்தான்." தன் கோப்பையை மேசை விளிம்புக்கு நேராக்கி வைத்தார். "உங்களோடை கோவமில்லை. ஒரே ஒண்டு மட்டும் எனக்குத் தெரியோணும். அண்டைக்குப் பழைய ஸ்பிரிங்கோடை கூட்டிக்கொண்டு போயிருந்தால், இறங்கித் தண்ணி மட்டும் நடந்திருப்பாவோ?"

ஆனி மாதத்தில் அக்காவும் நானும் ஸ்டேசனடிக் கடைவரை நடந்து போயிருக்கிறோம். இடையில் ஒருதரம்தான் தெருவோர வாங்கில் இருந்து இளைப்பாறினார். கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டே திரும்பி நடந்தார். இல்லை அண்ணை, அப்பவும் ஏலாமல்தான் இருந்தவ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார். அந்தப் பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. அதுவும் ஒரு கருணைதான் என்று என் மனம் சொன்னது. முந்தைய பொய்யையும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன். "நடந்திருப்பா. தண்ணிக்குள்ளையும் இறங்கியிருப்பா."

அவர் தலையை ஆட்டினார். என் தேத்தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்தச் செத்தவீட்டு அழுகை முழுவதையும் அழுதார். நான் எதிரிலேயே இருந்தேன். ஆறுதல் சொல்லவும் எழும்பிப் போகவும் எனக்கு உரிமை இருக்கவில்லை.